நாலு மொழியில் இருமல்

முதலில் எலும்பு என்றுதான் நினைத்தேன்.
கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து,
கெட்டுப்போன டவுன் பஸ் ஹாரன் போல
இழுத்து இழுத்து
கடைசியில் ஒரு கரண்டி வெள்ளை நுரை.
ஜிம்மியின் வாயைப் பிளந்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.
எலும்பு இல்லை.
காலையில் தின்ற ராகிக் களியின் வாசனை மட்டும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள்
என்னிடம் விட்டுப்போன ஒன்பது பேர்.
ஓசூரில், பாகலூர் சாலையில்,
ரோஜாப் பண்ணைக்குப் பின்னால் என் தகரக் கொட்டகை.
‘வீடு போன்ற பராமரிப்பு’ என்று பலகை வைத்திருக்கிறேன்.
எழுதும்போது தோன்றவில்லை,
வீடு என்றால்
ஒரே சட்டியில் எல்லோரும் தண்ணீர் குடிப்பது என்று.

வெடிச்சத்தத்துக்கு நடுங்கினார்கள்.
எல்லோரையும் ஓர் அறையில் சேர்த்து,
ஜன்னலை அடைத்து, கம்பளி தொங்கவிட்டு,
நடுவில் நானும் படுத்துக்கொண்டேன்.
அன்பாகத்தான் செய்தேன்.
காற்றுக்கு அது தெரியுமா?

டாக்டர் சுகிர்தா இரண்டு விரலால்
தொண்டைக் குழாயை லேசாகத் தொட்டார்.
உடனே ஹாரன்.
“கழுத்துப் பட்டையைக் கழற்று, மார்புப் பட்டை போடு.
உன் வீட்டு இருமல் மருந்தை ஊற்றிவிடாதே,
காய்ச்சல் மாத்திரையும் கூடாது.”
பிறகு, எழுதிக்கொண்டே, தலை நிமிராமல்:
“வீட்டுக்குப் போனவை எத்தனை?”

நான்கு.
நான்கும் வாலாட்டிக்கொண்டு போயின.
ஒன்றுகூட இருமவில்லை.
“இருமுவதற்கு முன்பே கொடுத்துவிடும்” என்றார்.
“இரண்டு வாரம் வரைக்கும் ஒளிந்திருக்கும்.”

என் தங்கை கணவர் நாகேந்திரன் சொன்னார்:
“யாரிடமும் மூச்சு விடாதே.
பத்து நாளில் தானாகப் போகிற சமாச்சாரம்.”
அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை.
அதுதான் கஷ்டம்.
மீதிக் கால்வாசியில்
மூச்சிரைக்கிற ஒரு நாய் படுத்திருக்கும்.

ராமச்சந்திரப்பாவிடம் கெம்மு என்றேன்.
வெங்கடலட்சம்மாவிடம் தக்கு.
நஸ்ரீன் பானுவிடம் கான்ஸி.
இந்த ஊரில் பிழைப்பவளுக்கு
நாலு மொழியில் வருத்தம் தெரிவிக்க வரும்.
தமிழில்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது.
ஒருவர் பாதியில் வைத்துவிட்டார்.
ஒருவர் கேட்டார், “தடுப்பூசி அட்டை வாங்கிப் பார்த்தியா?”
பார்க்கவில்லை.
ஒன்பதில் மூன்று அட்டைதான் பார்த்தேன்.
அதையும் சொன்னேன்.

நஸ்ரீன் மட்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
“வீட்டில் மூணு மாசக் குட்டி இருக்கு, அக்கா.”
சொன்னேன்: பெரியவனை மாடி அறைக்கு மாற்று.
முதலில் குட்டிக்குச் சோறு, அப்புறம்தான் அவனுக்கு.
கை கழுவு. துணியை மாற்று.
குட்டிக்குக் கண்ணில் பீளை, மூக்கில் மஞ்சள் சளி,
சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தால்
விடியட்டும் என்று இருக்காதே.
அவள் எழுதிக்கொள்கிற பேனாச் சத்தம்
போனில் கேட்டது.

இப்போது சட்டிகள் ஐந்து.
ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பெயின்டில்.
கொட்டகை முழுக்கப் பிளீச்சிங் நாற்றம்.
ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்க
ஓசூர்க் குளிர் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.
சாயங்காலம் ஜிம்மியோடு குளியலறையில்
வெந்நீர் ஆவிக்குள் இருந்தேன்.
கண்ணாடியில் எங்கள் இருவரையும் காணவில்லை.

லட்டுதான் பயம்.
சப்பை மூக்கு, பதினோரு வயது.
தூங்கும்போது மார்பை எண்ணச் சொல்லியிருக்கிறார்,
நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டினால்,
ஈறு நீலம் பாய்ந்தால்,
மணி பார்க்காமல் கூப்பிடு என்று.
ஒரு மணிக்கு இருபத்தாறு.
இரண்டரைக்கு இருபத்தெட்டு.
பலகையை நாளைக்குக் கழற்ற வேண்டும்,
அல்லது இன்னொரு வரி சேர்க்க வேண்டும்.
லாரி ஒன்று போக, அவள் காதை ஆட்டினாள்.
எண்ணிக்கை விட்டுப்போச்சு.
ஒன்று.
இரண்டு.